வாலிஸ்னேரியா வளர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொட்டியின் பின்பக்கம் நிற்க ஒரு செடி வேண்டும், சீக்கிரம் சாகக்கூடாது, செலவும் அதிகம் ஆகக்கூடாது என்று யார் கேட்டாலும் நான் சொல்வது வாலிஸ்னேரியாதான். வாங்கிப் போனவர்கள் ஒரு வாரத்தில் திரும்பவும் ஃபோன் செய்வார்கள். சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான், ஆள்தான் வேறு. அதனால் அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, பதிலையும் சேர்த்து வைத்திருக்கிறேன். சென்னையையும் சுற்றுவட்டாரத்தையும் மனதில் வைத்து எழுதியது. மற்ற ஊர்க்காரர்கள் தண்ணீர் பற்றிய பகுதியை மட்டும் தங்கள் ஊருக்கு ஏற்றபடி எடுத்துக்கொள்ளுங்கள்.

வாலிஸ்னேரியான்னா என்ன செடிங்க? பேக்ரவுண்ட் செடின்னு ஏன் சொல்றாங்க?

நாடா போல நீண்ட பச்சை இலைகள் கொண்ட செடி. தண்டு என்று தனியாக எதுவும் தெரியாது. எல்லா இலைகளும் அடியில் ஒரே இடத்திலிருந்து கிளம்பும். இலையும் வேரும் சந்திக்கும் அந்த வெளிறிய இடத்தைக் கழுத்து என்று வைத்துக்கொள்வோம், கீழே பல பதில்களில் அது வரும். ஹைட்ரில்லாவும் இதுவும் ஒரே குடும்பம். இத்தாலிய மருத்துவர் அந்தோனியோ வாலிஸ்னேரியின் (1661–1730) நினைவாக வைத்த பெயர் இது. நம் நாட்டுக் குளங்களிலும் ஆறுகளிலும் இயல்பாகவே வளர்கிறது.

உயரமாக வளர்வதால் முன்னால் நட்டால் மீன் தெரியாது. பின்கண்ணாடி ஓரமாக வரிசையாக நட்டால் ஃபில்டர் குழாய், ஒயர் எல்லாம் மறைந்துவிடும். கடையில் ‘வாலிஸ்’ என்றாலே எடுத்துக் கொடுப்பார்கள்.

எத்தனை வகை இருக்கு? எதை வாங்கறது?

நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பவை நான்கு. ஸ்பைராலிஸ் என்று கேட்டால் நேரான, விரல் அகலம்கூட இல்லாத இலை வரும். ஒன்றரை முதல் 2 அடி வரை போகும். சுருள் சுருளாக முறுக்கிய இலை வேண்டுமென்றால் கார்க்ஸ்க்ரூ வாலிஸ் என்று கேளுங்கள். ஜப்பானின் பிவா ஏரியைச் சேர்ந்த வகை அதில் ஒன்று, கொஞ்சம் குட்டையாகவே நிற்கும். ஜெயன்ட் அல்லது ஜங்கிள் வாலிஸ் என்பதன் இலை 3 அடியைத் தாண்டும். நானா என்பது புல் போல ஒல்லியான வகை.

2 அடி நீளத் தொட்டிக்கு ஸ்பைராலிஸ் அல்லது கார்க்ஸ்க்ரூ போதும். ஜெயன்ட் வகையை 4 அடித் தொட்டி இல்லாதவர்கள் வாங்க வேண்டாம். விலை ஒன்றுதானே என்று வாங்கிவிட்டு, மேற்பரப்பு முழுக்க இலை மூடி, கீழே வெளிச்சமே இல்லாமல் தவிப்பவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

கடையில நல்ல செடின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இலையைப் பார்க்காதீர்கள், கழுத்தைப் பாருங்கள். அது வெள்ளையாக, அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும். கொழகொழவென்றோ பழுப்பாகவோ இருந்தால், இலை எவ்வளவு பச்சையாக இருந்தாலும் வேண்டாம். இலைகள் கிழிந்திருந்தாலும் கழுத்து நன்றாக இருந்தால் தைரியமாக வாங்கலாம். சென்னையில் மீன் கடைகள் நிறைந்த கொளத்தூர் பக்கம் போனால் கட்டுக் கட்டாகக் கிடைக்கும். கட்டைப் பிரித்துக் காட்டச் சொல்லத் தயங்க வேண்டாம்.

சில கடைகளில் சாஜிட்டேரியாவை வாலிஸ் என்று கொடுத்துவிடுவார்கள். அதுவும் நல்ல செடிதான், ஆனால் பொதுவாகக் குட்டை. வாலிஸ் இலையின் நுனி ஓரத்தை விரலால் தடவினால் மிக நுண்ணிய பற்கள் தட்டுப்படும். சாஜிட்டேரியாவின் ஓரம் வழவழப்பாக இருக்கும்.

இன்னொன்று. இது முழுக்க முழுக்க நீருக்குள் வாழும் செடி. வெளியே எடுத்தால் சில நிமிடங்களில் வாடத் தொடங்கும். வீட்டுக்குக் கொண்டுவரும்போது தண்ணீர்ப் பையிலோ, நனைத்த செய்தித்தாளில் சுற்றியோ கொண்டுவாருங்கள். மதிய வெயிலில் வண்டி டிக்கியில் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள்.

வாங்கிட்டு வந்ததும் அப்படியே நட்டுடலாமா? நத்தை வந்துடும்னு சொல்றாங்களே?

நத்தை வரத்தான் செய்யும். இலையின் அடியில் ஜெல்லி போன்ற முட்டைப் படலம் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் நகத்தால் சுரண்டி எடுங்கள். பிறகு ஒரு லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் கணக்கில் படிகாரத் தூள் கரைத்த தண்ணீரில் 2 மணி நேரம் போட்டு வைத்து, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிவிட்டு நடலாம். நத்தைகள் பெரும்பாலும் ஒழிந்துவிடும், முட்டை ஒன்றிரண்டு தப்பிக்கும். ப்ளீச்சிங் கரைசலில் முக்கும் வழக்கம் வேறு செடிகளுக்குச் சரி, வாலிஸுக்கு வேண்டாம். இலை அதைத் தாங்காது.

என்னைக் கேட்டால், சின்ன நத்தைகள் இருப்பது ஒரு பிரச்சினையே இல்லை. அழுகிய இலையைத்தான் தின்னும். அவை அளவுக்கு மீறிப் பெருகினால் மீனுக்கு அதிகமாகத் தீனி போடுகிறீர்கள் என்று பொருள்.

மணல் எது போடணும்? எம்-சாண்ட் போடலாமா? கலர் கல்லு இருக்கே, அது போதாதா?

எம்-சாண்ட் போடலாம். கருங்கல்லை உடைத்துச் செய்வது என்பதால் தூசி மிக அதிகம். பக்கெட்டில் போட்டு, வழியும் தண்ணீர் தெளிவாகும் வரை கழுவ வேண்டும். கை வலிக்கும், வேறு வழியில்லை. முனை கூர்மையாக இருப்பதால் கோரிடோராஸ் போல அடியைக் கிளறும் மீன்கள் இருந்தால் தவிர்த்துவிடுங்கள். சலித்த ஆற்று மணல் கிடைத்தால் அதுவே சிறப்பு. கடற்கரை மணல் மட்டும் கூடாது, உப்பு இருக்கும்.

கலர் கல்லிலும் வளரும், ஆனால் கல் பெரிதாக இருந்தால் வேர் பிடிக்க நாளாகும், ஓடுதண்டு (குட்டிச் செடிகளை வைக்க அடியிலிருந்து பக்கவாட்டில் ஓடும் தண்டு) கல்லுக்குள் இறங்கத் தடுமாறும். எதைப் போட்டாலும் பின்பக்கம் 2 முதல் 3 அங்குல ஆழம் வேண்டும்.

எப்படி நடணும்? நட்டா மேல மிதந்து வந்துடுதே!

வேரை 2 அங்குல நீளத்துக்குக் கத்தரித்துவிடுங்கள், புது வேர் வரும். விரலால் மணலில் குழி போட்டு, செடியை வேண்டியதைவிடக் கொஞ்சம் ஆழமாக இறக்கி, மணலை மூடி, பிறகு செடியை மெல்ல மேலே இழுங்கள். கழுத்து மணலுக்கு வெளியே தெரிய வேண்டும். இந்தப் பதிலில் ஒன்றை மட்டும்தான் ஞாபகம் வைப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். கழுத்து புதைந்தால் அழுகும், செடி போய்விடும். செடி சாகிறது என்று வந்த புகார்களில் பெரும்பகுதி இதில்தான் முடிந்தது.

மிதப்பதற்குக் காரணம் வேர் இன்னும் பிடிக்காததுதான். கழுத்தை ஒட்டி இரண்டு பக்கமும் கூழாங்கல் வைத்தால் போதும். கட்டோடு நடாமல் பிரித்து, 2 அங்குலத்துக்கு ஒன்றாக நடுங்கள். கடையில் கட்டோடு சுற்றியிருக்கும் ரப்பர் பேண்டையும் ஈய வளையத்தையும் எடுத்துவிட வேண்டும், அதற்குள்ளேயே கழுத்து நசுங்கி அழுகிவிடும்.

தனியா விலை ஒசந்த லைட் வாங்கணுமா?

வேண்டாம். 2 அடித் தொட்டிக்கு, எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் 2 அடி, 10 வாட் வெள்ளை எல்.இ.டி. பேட்டன் ஒன்று வைத்தால் வளரும், இரண்டு வைத்தால் நன்றாக வளரும். பெட்டியில் 6500 கே என்று போட்டிருப்பதை வாங்குங்கள். தினம் 8 மணி நேரம், முடிந்தால் டைமர் போட்டு. நீலம், சிவப்பு என்று மாறி மாறி எரியும் அலங்கார லைட் மீனுக்கு அழகு, செடிக்குப் பயன் குறைவு.

ஜன்னல் வெயில் நேராக விழும் இடத்தில் வைத்தால் செடிக்கு முன்னால் பாசி வளர்ந்துவிடும்.

எங்க வீட்ல போர் தண்ணி. கெட்டில்ல வெள்ளை வெள்ளையா படியுது. இந்தத் தண்ணில செடி வருமா?

இந்தக் கேள்வி வந்தாலே எனக்குச் சந்தோஷம். மற்ற பல செடிகளுக்குத் தொல்லையான தண்ணீர், வாலிஸுக்கு விருந்து. காரணம் இருக்கிறது. நீருக்குள் வளரும் செடிக்கு எப்போதும் தட்டுப்பாடு கார்பனுக்குத்தான். பல செடிகள் தண்ணீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடை மட்டுமே எடுக்கும். சாதாரணத் தொட்டியில் அது கொஞ்சமே இருக்கும். வாலிஸ் அதோடு நிற்காமல், கடினநீரில் ஏராளமாக இருக்கும் பைகார்பனேட்டிலிருந்தும் கார்பனை எடுத்துக்கொள்ளும். உங்கள் கெட்டிலில் படிவது அந்தப் பைகார்பனேட்டின் அடையாளம்தான். தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 6.5 முதல் 8.5 வரை இதற்குச் சரிப்பட்டு வரும், 7-க்கு மேலே இருந்தால் இன்னும் நல்லது.

ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். டி.டி.எஸ். மீட்டர் காட்டும் எண் கடினத்தன்மை அல்ல. கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டுவது அது. கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீரில் கடல் உப்பு கலந்து எண் ஏறியிருக்கலாம். வாயில் வைத்தால் கரிக்கும் தண்ணீர் என்றால் அதை அப்படியே ஊற்றாமல், மெட்ரோ வாட்டரையோ மழைநீரையோ பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள். மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கும், மீன்களுக்காக அதை நீக்கும் மருந்து சேர்த்தே ஊற்றவும்.

சுத்தமா இருக்கட்டும்னு ஆர்.ஓ. தண்ணி ஊத்தினேன். செடி மெலிஞ்சுக்கிட்டே போகுது. ஏன்?

மேலே சொன்னதன் மறுபக்கம். ஆர்.ஓ. இயந்திரம் கால்சியம், மக்னீசியம், பைகார்பனேட் எல்லாவற்றையும் பெரும்பாலும் நீக்கிவிடுகிறது. செடிக்கு அதில் சாப்பிட ஒன்றும் இல்லை. கேன் தண்ணீரும் ஏறக்குறைய இதே கதைதான். முழுக்க ஆர்.ஓ. ஊற்றிய தொட்டி என்றால் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீரை எடுத்துவிட்டுக் குழாய்த் தண்ணீரால் நிரப்புங்கள். ஒரு மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

நட்டு ஒரு வாரம்தான் ஆச்சு. இலையெல்லாம் கண்ணாடி மாதிரி ஆகிக் கரையுது. செத்துடுச்சா?

பெரும்பாலும் இல்லை. புதுத் தண்ணீர், புது வெளிச்சம் என்று இடம் மாறும்போது பழைய இலைகளைக் கைவிட்டுப் புது இலை விடுவது இந்தச் செடியின் பழக்கம். பிடுங்கி இடம் மாற்றி நட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். கரைந்த இலைகளைக் கத்தரித்து வெளியே எடுத்துவிட்டு, கழுத்தைத் தொட்டுப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் 2 முதல் 4 வாரத்தில் நடுவிலிருந்து குட்டி இலை எட்டிப் பார்க்கும். அதுவரை கையைத் தொட்டிக்குள் விடாதீர்கள். கழுத்தே கொழகொழத்து நாற்றம் அடித்தால் எடுத்துப் போட்டுவிட வேண்டியதுதான்.

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வேணுமா? லிக்விட் கார்பன் ஊத்தச் சொன்னாங்களே?

சிலிண்டர் தேவையே இல்லை. காரணம் போர் தண்ணீர் பதிலில் இருக்கிறது. கொடுத்தால் வேகமாக வளரும், அவ்வளவுதான்.

லிக்விட் கார்பனை மட்டும் வாலிஸ் இருக்கும் தொட்டியில் ஊற்றாதீர்கள். அந்தப் பாட்டில்களில் பெரும்பாலும் இருப்பது குளூட்டரால்டிஹைடு. மருத்துவமனைகளில் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யப் பயன்படும் ரசாயனம் அது. வேறு பல செடிகள் குறைந்த அளவைத் தாங்கும், வாலிஸ் இலை கூழாகிவிடும். முந்தைய கேள்வியில் சொன்ன இடமாற்றக் கரைதலுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. நன்றாக வேர் பிடித்து வளர்ந்துகொண்டிருந்த செடிகள் எல்லாம் ஒரே நேரத்தில் கரைந்தால், சமீபத்தில் தொட்டிக்குள் என்ன ஊற்றினீர்கள் என்று யோசியுங்கள்.

வீட்ல மாடித் தோட்டத்துக்கு வெச்ச டி.ஏ.பி. இருக்கு. ஒரு சிட்டிகை போடலாமா?

கூடவே கூடாது. டி.ஏ.பி. என்பது அமோனியம் பாஸ்பேட். பி.எச். அதிகமான நம் தண்ணீரில் அமோனியம் நச்சு அமோனியாவாக மாறும். செடி பிழைத்தாலும் மீன் பிழைக்காது. யூரியா, மண்புழு உரம், சாணம் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

மீன் கழிவே தழைச்சத்தைக் கொடுத்துவிடும். இந்தச் செடி பெரும்பாலும் வேர் வழியாகச் சாப்பிடுவதால், வெறும் மணலில் நட்டிருந்தால் வேருக்கு அருகே புதைக்கும் ரூட் டேப் மாத்திரை கொஞ்சம் வாங்கி, 2 அல்லது 3 மாதத்துக்கு ஒரு முறை வைத்தால் போதும். மணலுக்கு ஆழத்தில் அழுத்திவிடுங்கள், மேலே கிடந்தால் கரைந்து பாசிக்குத்தான் போய்ச் சேரும்.

இலை மஞ்சளாகுது. சிலதுல ஓட்டை விழுது. என்ன குறை?

எந்த இலை என்று முதலில் பாருங்கள். நடுவிலிருந்து வரும் புது இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறைவு. காரத் தண்ணீரில் இரும்பு சீக்கிரம் செடிக்குக் கிடைக்காத வடிவத்துக்குப் போய்விடும் என்பதால் நம் ஊரில் அதிகம் வருவது இதுதான். இரும்பு உள்ள ரூட் டேப் வையுங்கள்.

வெளிப்பக்கத்துப் பழைய இலை மட்டும் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு, அல்லது வெறும் வயது. ஒன்றிரண்டு என்றால் வயது என்றே விட்டுவிடலாம். பழைய இலையில் ஊசிமுனை ஓட்டைகள் விழுந்து ஓரம் பழுத்தால் பொட்டாசியம் குறைவு. பெரிய பெரிய கடி அடையாளம் என்றால் உரத்தை விட்டுவிட்டு மீனைப் பாருங்கள்.

இலை மேல சுண்ணாம்பு தடவின மாதிரி வெள்ளையா இருக்கு. நோயா?

நோய் இல்லை. சுண்ணாம்பேதான் அது. செடி பைகார்பனேட்டிலிருந்து கார்பனை எடுக்கும்போது இலையை ஒட்டிய தண்ணீர் காரமாகி, கால்சியம் கார்பனேட் இலை மேல் படிகிறது. வெளிச்சம் நன்றாக இருந்து, கார்பன் டை ஆக்சைடு குறைவாக உள்ள தொட்டியில்தான் இது அதிகம். இதே காரணத்தால் காலையைவிட மாலையில் பி.எச். கொஞ்சம் ஏறியிருக்கும். டெஸ்ட் கிட் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

படிவு லேசாக இருந்தால் விட்டுவிடுங்கள். இலையே தெரியாத அளவு வந்தால் வெளிச்சத்தை ஒரு மணி நேரம் குறைத்துப் பாருங்கள்.

பக்கத்துல குட்டி குட்டியா முளைக்குது. எப்போ பிரிக்கலாம்?

தாய்ச் செடியின் அடியிலிருந்து ஓடுதண்டு கிளம்பி, மணலை ஒட்டி ஓடி, ஒவ்வொரு கணுவிலும் ஒரு குட்டியை வைக்கும். குட்டிக்கு நான்கைந்து இலையும் சொந்த வேரும் வந்த பிறகு நடுவில் கத்தரிக்கலாம். அவசரப்பட்டால் குட்டி நின்றுவிடும். பிரிக்காமல் விட்டாலும் தவறில்லை, அதுவாகவே பின்சுவரை நிரப்பிக்கொள்ளும். உங்களுக்குப் பிடிக்காத பக்கம், குறிப்பாக முன்கண்ணாடிப் பக்கம் ஓடினால், தண்டை எடுத்து வேறு பக்கம் திருப்பிக் கல் வையுங்கள்.

இலை மேல வந்து படுத்துக்குது. முடி வெட்டற மாதிரி வெட்டிடலாமா?

வெட்டலாம், ஆனால் வெட்டிய முனை பழுத்து அசிங்கமாகத் தெரியும், சில இலைகள் அதன் பிறகு மெல்ல வீணாகும். மிக நீண்ட வெளி இலைகளை அடியோடு எடுத்துவிட்டு உள் இலைகளை விட்டுவைப்பது எனக்குப் பிடித்த முறை. கத்தரி கூர்மையாக இருக்கட்டும். கையால் இழுத்தால் செடியே வந்துவிடும்.

மேற்பரப்பில் பாதி வரை இலை படர்வது நல்லதுதான். கப்பிக் குஞ்சுகள் ஒளிந்துகொள்ளும், ஃபைட்டர் அதன்மேல் படுத்துக்கொள்ளும். மேற்பரப்பு முழுக்க மூடவிடாதீர்கள்.

எந்த மீனோட வெக்கலாம்? கோல்ட் ஃபிஷ் எல்லாத்தையும் பிடுங்குதே!

கப்பி, மோலி, பிளாட்டி, ஏஞ்சல், கௌராமி, டெட்ரா, ஃபைட்டர் எதனோடும் வைக்கலாம். மோலிக்கும் கடினநீர்தான் பிடிக்கும் என்பதால் நம் ஊருக்கு அது நல்ல ஜோடி. சில்வர் டாலர் இருந்தால் செடி வாங்கவே வேண்டாம், ஒரே ராத்திரியில் மொட்டையாக்கிவிடும். ஆஸ்கார், ஃப்ளவர் ஹார்ன் தின்னாது, ஆனால் தோண்டிப் போட்டுவிடும். ஆப்பிரிக்கச் சிக்லிட்களுக்குத் தேவையான தண்ணீரும் இதற்குத் தேவையான தண்ணீரும் ஒன்றே. மலாவி ஏரியிலேயே வாலிஸ்னேரியா வளர்கிறது. இருந்தாலும் அவற்றில் சில மேயும், சில தோண்டும்.

கோல்ட் ஃபிஷ் இரண்டும் செய்யும். அதோடு வளர்க்கத்தான் வேண்டும் என்றால், செடியை முதலில் நட்டு, ஓடுதண்டு விடும் அளவுக்கு வேர் பிடித்த பிறகு மீனை விடுங்கள். கழுத்தைச் சுற்றிப் பெரிய கற்களை அடுக்குங்கள். அப்புறமும் அவ்வப்போது நான்கு இலை போகும். செடியின் வளர்ச்சி அதை ஈடுகட்டிவிடும்.

இலை நுனில கருப்பா முடி மாதிரி பாசி. மருந்து என்ன?

அதைக் கருந்தாடிப் பாசி என்பார்கள். இதற்குச் சொல்லப்படும் மருந்துகளில் முதலாவது லிக்விட் கார்பன், அடுத்தது ஹைட்ரஜன் பெராக்சைடு. முதலாவது ஏன் கூடாது என்று சொல்லிவிட்டேன், இரண்டாவதிலும் வாலிஸ் இலை எளிதில் கருகும். பாசி பிடித்தது பெரும்பாலும் வெளிப்பக்கத்துப் பழைய இலையாகத்தான் இருக்கும், அடியோடு வெட்டி எறியுங்கள். வாலிஸ் வேகமாக இலை விடுவதால் இதுவே போதும். வெளிச்ச நேரத்தைக் குறைத்து, தீனியைக் குறைத்து, வாரம் ஒரு முறை தண்ணீர் மாற்றினால் திரும்ப வருவது குறையும்.

ஸ்பிரிங் மாதிரி ஒரு வெள்ளை நூல் மேல வரைக்கும் போகுது. புழுவா?

பூ! பயந்து பிடுங்கிவிடாதீர்கள். ஆண், பெண் பூக்கள் தனித்தனிச் செடிகளில் வரும். நீங்கள் பார்ப்பது பெண் பூவின் காம்பு. அது வளர்ந்து வளர்ந்து மேற்பரப்புக்கு வந்து, முனையில் ஒரு மிகச் சிறிய பூவை நீர்மட்டத்தில் விரிக்கும். ஆண் செடியில் பூக்கள் அடியிலேயே உருவாகி, பிய்த்துக்கொண்டு மேலே மிதந்து வந்து, சின்னஞ்சிறு படகுகளாகக் காற்றில் நகர்ந்து பெண் பூவின் குழியில் போய் முட்டும். மகரந்தம் சேர்ந்ததும் காம்பு சுருண்டு, காயை நீருக்கடியில் இழுத்துக்கொள்ளும். தொட்டிக்குள் நடக்கும் விஷயங்களில் இதைவிட அதிசயமானது எதுவும் எனக்குத் தெரியாது.

விதை கிடைக்குமா என்று அடுத்த கேள்வி வரும். ஒரே செடியின் ஓடுதண்டிலிருந்து வந்தவை எல்லாம் ஒரே பால் என்பதால் பொதுவாகக் கிடைக்காது. குட்டிகளே போதுமே.

மே மாசம் தண்ணி சூடாயிடுது. செடி தாங்குமா?

வாலிஸுக்குச் சௌகரியம் 18 முதல் 28 டிகிரி வரை. கோடையில் 31, 32 போனால் வளர்ச்சி சுணங்கும், ஆனால் அதற்காகச் சாகாது. சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகக் கரையும் என்பதால் அப்போது கவலைப்பட வேண்டியது மீனைப் பற்றித்தான். மூடியைத் திறந்து, நீர்மட்டத்தின் மேல் ஒரு சின்ன ஃபேன் காற்று படும்படி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும்.

ஃபேன் வைத்தால் தண்ணீர் வேகமாக வற்றும். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே தங்கும். வற்ற வற்றப் போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும். வற்றிய அளவை ஈடுகட்ட மட்டும் ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றுங்கள். ஆர்.ஓ.வுக்கு இந்தத் தொட்டியில் சரியான வேலை இதுதான்.

மீனுக்கு வெள்ளைப் புள்ளி வந்திருக்கு. கல் உப்பு போட்டா செடி போயிடுமா?

வாலிஸ் ஓரளவு உப்பைத் தாங்கும் செடிதான். அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில், ஆற்று நீர் கடல் நீரோடு கலக்கும் லேசான உவர்நீரிலும் ஒரு வகை வளர்கிறது. ஆனால் மெல்லப் பழகுவது வேறு, ஒரே நாளில் கைப்பிடி உப்பு விழுவது வேறு. இரண்டாவதில் இலை கரையும். மீனைத் தனிப் பக்கெட்டில் ஏர் பம்ப் வைத்துச் சிகிச்சை செய்வது இருவருக்கும் நல்லது. தாமிரம் கலந்த மருந்தையும் செடித் தொட்டியில் ஊற்ற வேண்டாம்.

செடி அடர்த்தியா இருந்தா ராத்திரில மீனுக்கு மூச்சு முட்டும்ங்கறாங்க. உண்மையா?

பாதி உண்மை. வெளிச்சம் இல்லாதபோது செடியும் ஆக்சிஜனைத்தான் எடுக்கும். ஆனால் சாதாரணத் தொட்டியில் நீர்மட்டம் அசைந்துகொண்டிருந்தால் அந்த இழப்பு ஒரு பொருட்டல்ல. மீன்கள் அதிகம், இலை மேற்பரப்பை முழுக்க மூடியிருக்கிறது, ஃபில்டர் ஓடவில்லை, கோடைக்காலம் என்று எல்லாம் ஒன்றுசேர்ந்தால் விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். ராத்திரி மட்டும் ஏர் பம்ப் ஓடவிடுங்கள்.

மொட்டை மாடி சிமென்ட் தொட்டில வளர்க்கலாமா?

தாராளமாக. புதுச் சிமென்ட் என்றால் சில வாரம் தண்ணீர் நிரப்பி மாற்றிக்கொண்டே இருந்துவிட்டுப் பிறகு நடுங்கள். நாள் முழுக்க வெயில் வேண்டாம், பாதி நிழல் போதும். கொசுவுக்காகக் கப்பி விட்டுவிடுங்கள்.

ரொம்பப் பெருகிடுச்சு. பக்கத்து ஏரில விட்டா அங்கயாவது வளரட்டுமே?

வேண்டாம். இந்தச் செடி நம் நாட்டிலும் இருக்கிறது என்பது உண்மைதான், ஆனால் கடையில் விற்பது எந்த நாட்டு வகை என்று சொல்ல முடியாது. கூடவே நத்தையும் மீன் முட்டையும் போகும். நியூசிலாந்தில் வாலிஸ்னேரியா ஏரிகளை அடைக்கும் களையாகிவிட்டது. நம் ஊர் நீர்நிலைகளில் சக்கர் மீன் பெருகியதும் இப்படி யாரோ இரக்கப்பட்டு விட்டதால்தான். தெரிந்தவர்களுக்குக் கொடுங்கள், மீன் கடையில் கேட்டால் தீனிக்குப் பதிலாக வாங்கிக்கொள்பவர்களும் உண்டு. மிச்சத்தை வெயிலில் காயவைத்துப் பூந்தொட்டிக்குப் போடலாம்.

ஒரு வருஷமா காடு மாதிரி வளர்ந்துச்சு. எதையும் மாத்தல. இப்போ திடீர்னு எல்லாமே மெலிஞ்சு போகுது. ஏன்?

எதையும் மாற்றாததுதான் காரணமாக இருக்கலாம். இத்தனை செடிகளும் தினமும் தண்ணீரிலிருந்து கால்சியம், பைகார்பனேட், பொட்டாசியம் எடுத்துக்கொண்டே இருந்திருக்கின்றன. தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று நீங்கள் தண்ணீர் மாற்றுவதை விட்டிருந்தாலோ, கோடையில் ஊற்றத் தொடங்கிய ஆர்.ஓ.வையே வருடம் முழுக்க ஊற்றிக்கொண்டிருந்தாலோ, கடினநீராக ஆரம்பித்த தொட்டி மென்நீராகியிருக்கும். கே.எச். டெஸ்ட் கிட் (பைகார்பனேட் எவ்வளவு என்று காட்டுவது) இருந்தால் குழாய்த் தண்ணீரையும் தொட்டித் தண்ணீரையும் சோதித்துப் பாருங்கள். தொட்டியில் மிகக் குறைவாகக் காட்டினால் சந்தேகமே வேண்டாம்.

அப்புறம் நெரிசல். வேர்கள் பின்னிப் பிணைந்து, உள்ளே இருக்கும் செடிக்கு வெளிச்சமும் இல்லை, சத்தும் இல்லை. மூன்றில் ஒரு பங்கைப் பிடுங்கி எடுங்கள், பழைய தாய்ச் செடிகளாகப் பார்த்து எடுத்து இளம் குட்டிகளை விட்டுவையுங்கள். வேரோடு இழுக்கும்போது அடியிலிருந்து கசடு கிளம்பும், அதனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்யாமல் வாரத்துக்கு ஒரு மூலையாகச் செய்து, ஒவ்வொரு முறையும் கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். காலியான இடத்தில் ரூட் டேப் வைத்துவிட்டால், ஓடுதண்டுகள் தாமாகவே அந்தப் பக்கம் திரும்பும்.